கண்ணுக்குப் புலப்படாத கற்றையை அளப்பது எவ்வாறு?

புத்தளம் மாவட்டத்தின் கரையோர மக்களுக்கு அளவீடு என்பது புதிய விடயமன்று. புத்தளத்திலும் பாலாவியிலும் உள்ள உப்பளங்களில், கடல்நீர் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் செறிவு நீரமானி கொண்டு பார்க்கப்படுகின்றது. போமே அளவுத்திட்டத்தில் மூன்று, மூன்றரைப் பாகையில் உள்ளே வரும் கடல்நீர் 25 பாகையை அண்மிக்கும்போதுதான் உப்புப் படியத் தொடங்குகின்றது. அது 29, 30 பாகையைத் தாண்டுவதற்கு இடமளித்தால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படிந்து, விளைந்த உப்புக் கசந்துவிடுகின்றது. இறால் பண்ணைக்காரர் விடியுமுன் எழுந்து குளத்து நீரில் கரைந்துள்ள ஒட்சிசனின் அளவைப் பார்ப்பதும் இதுபோன்ற ஒரு காரியமே. நீரமானியின் வரலாறு மிகப் பழையது. மேர்வ் நகரில் வாழ்ந்த அல்-காஸினி 1121ஆம் ஆண்டளவில் தராசுகள் பற்றி எழுதிய பெருநூலில், மிதவை ஒன்றைக் கொண்டு திரவங்களின் அடர்த்தியை அளக்கும் முறை விரிவாக விளக்கப்பட்டுள்ளது.

இந்த அளவீடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வசதி உண்டு. பாத்தியிலிருந்து ஒரு குவளை நீரை மொண்டு பார்ப்பதனால் பாத்தியில் எஞ்சியுள்ள நீருக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை. ஆனால், தொட்டால் தானும் கெட்டு, தொட்ட கருவியையும் உருக்கிவிடக்கூடிய ஒன்றை அளக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது? அதுவும் கண்ணுக்குப் புலப்படாததாய், ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கு வேகத்தில் பாய்ந்து செல்வதாய் இருந்தால்? நேர்கோட்டுப் புரோத்தன் ஆர்முடுக்கியின் கற்றையை அளந்து கண்காணிக்கும் விஞ்ஞானிகள் எதிர்நோக்கும் பிரச்சினை இதுவேயாகும். அதனை இக்கட்டுரையில் இயன்றவரை எளிமையாக விளக்க முற்படுகின்றோம்.

கற்பிட்டியிலும் உடப்பிலும் சிலாபத்திலும் வாழ்பவருக்கு இதனால் ஆவதென்ன என்று வாசகர் கேட்பது நியாயமே. இரு காரணங்களைக் கூறலாம். மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு நோயாளர் ஒருவரை அழைத்துச் சென்று வந்த குடும்பங்கள் இக்கரையோரத்தில் பல உள்ளன. அங்கே புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் இயந்திரமும் ஒரு நேர்கோட்டு ஆர்முடுக்கியேயாகும். அது புரோத்தன்களை அன்றி இலத்திரன்களை வேகப்படுத்தி, அவற்றை உலோகத் தகட்டில் மோதச் செய்து எக்ஸ் கதிர்களைப் பிறப்பிக்கின்றது. வசதியுள்ள சிலர் புரோத்தன் சிகிச்சைக்காகச் சென்னைக்கும் செல்கின்றனர். மற்றையது, கடலுக்கு அப்பால் இந்தியா தனது தோரியம் வளத்தைப் பயன்படுத்தும் நெடுந்திட்டத்தின் ஓர் அங்கமாகப் புரோத்தன் ஆர்முடுக்கிகளை அமைத்து வருகின்றது. கூடங்குளம் கற்பிட்டியிலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 225 கிலோமீற்றர் தொலைவிலேயே உள்ளது. 'அணு' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எழும் அச்சம் இக்கரைக்கு நன்கு தெரிந்ததே. அச்சப்பட வேண்டியதற்கு அச்சப்படுவதற்கும், வேண்டாததற்கு அச்சப்படாதிருப்பதற்கும் அளவீடு பற்றிய அறிவு அவசியமாகின்றது.

புரோத்தன் என்பது ஐதரசன் அணுவின் கரு. இலத்திரனைவிட 1,836 மடங்கு திணிவுடையது. நேர் மின்னேற்றம் கொண்டது. ஐதரசன் வாயுவை மின்புலத்தால் பிளந்து இலத்திரன்களை நீக்கினால் எஞ்சுவது புரோத்தன்களே. இவற்றை ஒரு வெற்றிடக் குழாயினுள் செலுத்தி, வழிநெடுக வானொலி அலைகளை ஒத்த மீடிறனில் மாறும் மின்புலத்தால் மீண்டும் மீண்டும் உந்துவதே நேர்கோட்டு ஆர்முடுக்கியின் தொழில். ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போன்றது இது. தருணம் தப்பினால் உந்துவதற்குப் பதிலாகத் தடுத்துவிடும்.

மும்பையை அடுத்த ட்ரொம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் இத்தகைய இயந்திரம் ஒன்று உண்டு. 'லெஹிப்பா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இது 20 மெகா இலத்திரன்வோல்ற்று சக்தி வரை புரோத்தன்களை ஆர்முடுக்குவதற்கென அமைக்கப்பட்டது. அயன் மூலத்திலிருந்து 50 கிலோ இலத்திரன்வோல்ற்று சக்தியுடன் வெளிப்படும் புரோத்தன்கள் முதற்கட்டத்தில் 3 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கும், அடுத்த கட்டத்தில் 20 மெகா இலத்திரன்வோல்ற்றுக்கும் உயர்த்தப்படுகின்றன. வேகமாகக் கூறுவதாயின், ஒளிவேகத்தின் நூற்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு அவை வந்து சேர்கின்றன. பிற்காலத்தில் 1,000 மெகா இலத்திரன்வோல்ற்றை எட்டும் பெரிய இயந்திரத்துக்கு இது முதற்படி. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் உள்ள மொனசைற்று மணலில் தோரியம் பொதிந்துள்ளது. எமது புல்மோட்டைக் கரையின் கனிய மணலை அறிந்தவர்களுக்கு இம்மணல் அந்நியமானதன்று. தோரியம் தானாகவே எரிபொருளாவதில்லை. அதனுள் நியூத்திரன்களைச் செலுத்தவேண்டும். ஆற்றல்மிக்க புரோத்தன் கற்றையைக் கனவுலோகம் ஒன்றில் மோதவிட்டால் அந்நியூத்திரன்கள் கிடைக்கும். கற்றையை நிறுத்தினால் அணுப்பிளவுத் தொடரும் அடங்கிவிடும் என்பதே இவ்வழியின் கவர்ச்சி.

இனி, அளவீட்டுக்கு வருவோம். கற்றை பற்றி அறியவேண்டியவை பல. எத்தனை புரோத்தன்கள் செல்கின்றன, குழாயின் நடுவில் செல்கின்றனவா, என்ன வேகத்தில் செல்கின்றன, கற்றை எவ்வளவு தடிப்பானது, வழியில் எவ்வளவு சிந்துகின்றது என்பவை அவற்றுள் முதன்மையானவை.

எண்ணிக்கையை அறிவதே ஒப்பீட்டளவில் எளிது. அசையும் மின்னேற்றம் மின்னோட்டமாகும். மின்னோட்டத்தைச் சுற்றிக் காந்தப்புலம் தோன்றும். குழாயைச் சுற்றிக் காந்த உள்ளீடு கொண்ட வளையம் ஒன்றை வைத்து, அதில் கம்பிச் சுருளைச் சுற்றினால், கற்றை நடுவே பாயும்போது சுருளில் சிறு மின்னோட்டம் தூண்டப்படும். மின்னியலாளர்கள் கம்பியின் உறையை உரிக்காமல், இடுக்கி போன்ற கருவியை அதைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தைப் பார்ப்பதை வாசகர்கள் கண்டிருப்பர். இதுவும் அதே தத்துவந்தான். கற்றையைத் தொடவேண்டியதில்லை. 10 மில்லியம்பியர் கற்றை என்றால் விநாடிக்கு 6 என்ற எண்ணுக்குப் பின்னால் பதினாறு பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கையை ஒட்டிய புரோத்தன்கள் செல்கின்றன என்பது பொருள்.

ஆனால் இவை ஆற்றுநீர்போல் இடையறாது ஓடுவதில்லை. உந்தும் மின்புலத்தின் மீடிறன் விநாடிக்கு 35 கோடியே 20 இலட்சம் தடவை என்றால், புரோத்தன்களும் அத்தனை திரள்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. மேற்கூறிய மின்னோட்டத்தில் ஒரு திரளில் ஏறத்தாழ 18 கோடி புரோத்தன்கள் இருக்கும். 3 மெகா இலத்திரன்வோல்ற்றில் இரு திரள்களுக்கிடையே 7 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. 20இல் அது 17 சென்ரிமீற்றர். வேகம் கூடக்கூட இடைவெளி விரிகின்றது. ஆர்முடுக்கியினுள் உள்ள உலோகக் குழல்கள் ஒன்றைவிட ஒன்று நீளமாக அமைக்கப்படுவதன் காரணமும் இதுவே.

திரளாகச் செல்வதில் அளப்பவருக்கு ஒரு நன்மை உண்டு. குழாயின் உட்சுவரில் மேல், கீழ், இடம், வலம் என நான்கு உலோகத் தகடுகளைப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு திரளும் கடக்கும்போது நான்கிலும் மின் துடிப்பு எழும். கற்றை வலப்புறம் சாய்ந்தால் வலத் தகட்டில் துடிப்பு ஓங்கும், இடத் தகட்டில் தாழும். இரண்டினதும் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கற்றையின் இடம் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக்கும் நுட்பமாகத் தெரியவரும். வகுப்பது எதற்கு? வகுக்காவிட்டால், கற்றை விலகியதா அல்லது புரோத்தன்களின் எண்ணிக்கை கூடியதா என்று பிரித்தறிய முடியாது. க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் மாணவர் ஒருவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

இதே தகடுகள் வேகத்தையும் கூறிவிடும். பாலாவிச் சந்தியில் ஒருவரும் கற்பிட்டியில் ஒருவருமாகக் கடிகாரத்துடன் நின்றால் பஸ்ஸின் வேகத்தைக் கணிக்கலாம் அல்லவா? குழாயில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரு உணரிகளை வைத்து, திரள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் நேரத்தைப் பார்க்கின்றனர். 20 மெகா இலத்திரன்வோல்ற்றில் அந்நேரம் ஒரு விநாடியின் ஆறு கோடியில் ஒரு பங்கு மாத்திரமே. சக்தி நூற்றுக்கு ஒரு வீதம் மாறினால் அந்நேரத்தில் ஏற்படும் மாற்றம், ஒரு விநாடியை ஆயிரம் கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கிலும் குறைவு. சாதாரணக் கடிகாரம் எதுவும் இங்கு எடுபடாது. உந்தும் மின்புலத்தின் துடிப்பையே கடிகாரமாகக் கொண்டு, அதற்குச் சார்பாகத் திரளின் துடிப்பு எவ்வளவு முந்தியது, எவ்வளவு பிந்தியது என்று பார்க்கின்றனர்.

தடிப்பை அறிவதுதான் கடினம். கற்றையைத் தொடாமல் அதன் குறுக்குவெட்டைக் காண்பது எளிதன்று என்பதால், தலைமயிரிலும் மெல்லிய காபன் அல்லது தங்குதன் இழை ஒன்றைக் கற்றைக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்துகின்றனர். இழையில் படும் புரோத்தன்கள் அதிலிருந்து இலத்திரன்களை வெளியேற்றும். அந்த மின்னோட்டத்தை ஒவ்வோரிடத்திலும் குறித்துக்கொண்டால் கற்றையின் வடிவம் கோடாக விரியும். ஆனால் முழு வலுவுடைய கற்றையின் குறுக்கே இழையை நீட்டினால் அது நொடிப்பொழுதில் அறுந்துபோகும். எனவே, அளக்கும் வேளையில் ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் குறுந்துடிப்புகளை மட்டும் அனுப்புகின்றனர். குறுந்துடிப்பில் கண்டதை முழுக் கற்றைக்கும் பொருந்தும் எனக் கொள்கின்றனர். இதில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கின்றது என்பதை நேர்மையான பொறியியலாளர் எவரும் மறைப்பதில்லை. ஆகவேதான் தொடாமல் பார்க்கும் வழிகளும் தேடப்பட்டன. வெற்றிடத்திலும் எஞ்சியிருக்கும் சொற்ப வாயு கற்றை பட்டு மினுங்குவதைக் கமெராவால் பிடிப்பது ஒரு வழி. அமெரிக்காவின் ஓக் றிட்ஜ் ஆய்வுகூடத்தில் மேலதிக இலத்திரனுடன் கூடிய ஐதரசன் அயன்களே ஆர்முடுக்கப்படுவதால், லேசர் ஒளியைக் குறுக்கே செலுத்தி, அது உரித்தெடுக்கும் இலத்திரன்களை எண்ணுகின்றனர். அங்கே ஒளிக்கதிரே இழையாகிவிடுகின்றது. ஒளி அறுந்துபோவதில்லை.

அந்த ஓக் றிட்ஜ் இயந்திரத்தின் கற்றை 1.4 மெகாவாட் வலுவைச் சுமப்பதற்கென வடிவமைக்கப்பட்டது. கற்பிட்டி, மாம்புரிக் கரையில் சுழலும் காற்றாலைகளுள் ஒன்று நல்ல காற்றில் தரும் வலு ஏறத்தாழ இவ்வளவே. அந்த வலு முழுவதும் விரல் தடிப்பேயுள்ள கற்றை ஒன்றினுள் அடங்கியிருப்பதாக எண்ணிப் பார்க்கவேண்டும். அது வழிதவறிக் குழாயின் சுவரில் மோதினால் உலோகம் தாங்காது. மோதாவிடினும், விளிம்பிலிருந்து சிறிது சிறிதாகச் சிந்தினால் சுவரின் செம்பும் உருக்கும் நாளடைவில் கதிர்த்தொழிற்பாடு உடையனவாகி, இயந்திரத்தை நிறுத்திய பின்னரும் திருத்த வேலைக்கு மனிதர் அருகே செல்லமுடியாத நிலை தோன்றும். இதனைத் தவிர்க்க உலகெங்கும் உள்ள ஆர்முடுக்கிப் பொறியியலாளர்கள் ஒரு வரம்பைக் கைக்கொள்கின்றனர். ஒரு மீற்றர் நீளத்தில் சிந்துவது ஒரு வாட்டுக்கு மேற்படலாகாது. 1.4 மெகாவாட்டில் ஒரு வாட் என்பது பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த வரம்பின் மூலம் காக்கப்படுவது இயந்திரத்தைவிட, மறுநாள் அதனருகே திருகாணியும் கையுமாகக் குனிந்து வேலை செய்யப்போகும் தொழிலாளியே என்பதைக் கவனத்திற் கொள்ளவேண்டும்.

இவ்வளவு சிறு இழப்பை மின்னோட்ட வளையங்களால் காணமுடியாது. நுழைந்தது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்று கழித்துப் பார்த்தால், நூற்றில் ஒரு பங்கு குறைந்ததைச் சொல்லலாமேயன்றிப் பத்து இலட்சத்தில் ஒன்றைச் சொல்லவியலாது. அதற்கெனக் குழாய்க்கு வெளியே, வழிநெடுக அயனாக்க அறைகள் வைக்கப்படுகின்றன. வாயு நிரப்பிய உலோகப் பெட்டி ஒன்றினுள் மின்னழுத்தம் கொண்ட இரு தகடுகள் என்பதே அதன் அமைப்பு. கதிர்வீச்சுப் பட்டால் வாயு அயனாகி மின் பாயும். அளவு எல்லை மீறியதும், மனிதர் எவரதும் உத்தரவுக்குக் காத்திராமல், ஒரு விநாடியின் இலட்சத்தில் சில பங்குக்குள் அயன் மூலமே அடைக்கப்படும். மனிதர் கண்ணிமைக்க எடுக்கும் நேரம் இதனோடு ஒப்பிட்டால் ஒரு யுகம்.

இத்தனை காவலும் இருக்கக் குறையென்ன என்று தோன்றலாம். எமது கருத்தில், இத்துறையின் உண்மையான பாடம் இங்கிருந்துதான் ஆரம்பமாகின்றது. ஒவ்வொரு கருவிக்கும் அது பொய் சொல்லும் ஓரிடம் உண்டு.

கற்றையை முழுமையாக ஏந்தி அளக்கும் 'பரடேயின் கிண்ணம்' என்ற எளிய கருவியை எடுத்துக்கொள்வோம். புரோத்தன்கள் உலோகக் கிண்ணத்தில் விழுகின்றன. கிண்ணத்திலிருந்து செல்லும் மின்னோட்டத்தைப் படித்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும். ஆனால் விழும் புரோத்தன்கள் கிண்ணத்தின் சுவரிலிருந்து இலத்திரன்களைத் தெறிக்கச் செய்கின்றன. எதிர் மின்னேற்றம் ஒன்று வெளியேறுவதும் நேர் மின்னேற்றம் ஒன்று வந்துசேர்வதும் கருவிக்கு ஒன்றே. ஆதலால் கிண்ணம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். வாயிலில் எதிர் மின்னழுத்த வளையம் ஒன்றை வைத்து, தெறிக்கும் இலத்திரன்களை உள்ளே திருப்பி அனுப்பினாலன்றி அந்த எண்ணை நம்ப முடியாது. இழப்பைக் காணும் அயனாக்க அறைக்கும் குருட்டுப் பகுதி உண்டு. சக்தி மிகக் குறைந்த தொடக்கப் பகுதியில் சிந்தும் புரோத்தன்கள் சுவரிலேயே புதைந்துபோகும். வெளியே உள்ள அறைக்கு எதுவும் எட்டாது. அறையோ யாவும் நலமே என்று காட்டிக்கொண்டிருக்கும். அங்கே கழித்துப் பார்க்கும் பழைய முறையையே நாடவேண்டியுள்ளது.

இவற்றிலும் கொடியது, கருவி நிரம்பித் திணறுவதாகும். 'தெராக்-25' என்ற இலத்திரன் ஆர்முடுக்கி கனடாவில் தயாரிக்கப்பட்டு, அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பயன்பட்டது. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் அதனால் ஆறு நோயாளர்கள் பெருமளவு மிகைக் கதிர்ப்புக்கு உள்ளாயினர். அவர்களுள் மூவரேனும் அதன் விளைவாக உயிரிழந்தனர். கணினி நிரலில் இருந்த பிழையே மூலகாரணம் என்பது பலரும் அறிந்த செய்தி. அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு செய்தியும் உண்டு. 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நோயாளர் ஒருவருக்கு 180 றாட் விதிக்கப்பட்டிருந்தது. அவர்மீது பாய்ந்ததோ 16,500 முதல் 25,000 றாட் வரை எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அவ்வேளை இயக்குநரின் திரையில் தெரிந்தது என்ன? 202 அலகு செல்லவேண்டிய இடத்தில் 6 அலகே சென்றுள்ளது என்பதாகும். கற்றை அளவுக்கு மிஞ்சியதால் அயனாக்க அறைகள் நிரம்பித் திணறிக் குறைவாகக் காட்டின. குறைவாகத்தானே சென்றது என்று எண்ணி, இயக்குநர் மீண்டும் விசையை அழுத்தினார்.

ஆகவே, அளவி ஒன்று பூச்சியம் காட்டினால் அதற்கு இரு பொருள் இருக்கலாம்: அளக்க எதுவுமில்லை என்பது ஒன்று; அளவி செயலிழந்துவிட்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரே வழி, வேறு தத்துவத்தில் இயங்கும் இரண்டாவது அளவி ஒன்றை அருகில் வைப்பதாகும்.

சென்னைத் தரமணியில் 2019 ஜனவரியில் திறக்கப்பட்ட அப்பலோ புரோத்தன் புற்றுநோய் நிலையத்தைப் பற்றி இங்கு கூறுவது பொருத்தமாகும். தென்னாசியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. அங்கே புரோத்தன்களை வேகப்படுத்துவது நேர்கோட்டு இயந்திரமன்று; சைக்கிளோத்திரன் எனும் வட்டவடிவ இயந்திரம். ஆயினும் குழாயை விட்டு வெளிவந்த கற்றைக்கு அது எவ்வகை இயந்திரத்தில் பிறந்தது என்பது ஒரு பொருட்டன்று. அளக்கும் முறைகளும் பெரும்பாலும் ஒன்றே. புரோத்தனின் சிறப்பு யாதெனில், உடலினுள் செல்லும்போது வழியில் சிறிதளவே சக்தியைக் கொடுத்து, நிற்கப்போகும் இடத்தில்தான் பெரும்பகுதியைக் கொட்டுகின்றது. 230 மெகா இலத்திரன்வோல்ற்றுப் புரோத்தன் நீரில் 32, 33 சென்ரிமீற்றர் ஆழம் வரை சென்று நின்றுவிடும், அதற்கப்பால் ஏதுமில்லை. கண்ணுக்குப் பின்னாலோ முள்ளந்தண்டுக்கு அருகிலோ கட்டியுள்ள குழந்தைக்கு இது எத்துணைப் பெறுமதியானது என்பதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் இதே குணம் அபாயமும் ஆகும். சக்தியில் சிறு பிழை நேர்ந்தால் கற்றை கட்டிக்கு முன்னரே நின்றுவிடும் அல்லது அதைத் தாண்டி முள்ளந்தண்டில் இறங்கிவிடும். எக்ஸ் கதிர்ச் சிகிச்சையில் சில மில்லிமீற்றர் ஆழப் பிழை அவ்வளவு பாரதூரமாவதில்லை. இங்கோ அதுவே எல்லாம். இதனால் புரோத்தன் சிகிச்சைக் கருவிகளில் நோயாளரை நோக்கிய முனையில், ஒன்றையொன்று சாராத இரு அயனாக்க அறைகள் வைக்கப்படுகின்றன. ஒன்று போதுமென்று கூறினாலும் நிறுத்தும், மற்றது கூறினாலும் நிறுத்தும். நாள்தோறும் முதல் நோயாளர் உள்ளே வருமுன், நீரையோ நீரை ஒத்த பிளாத்திக்குப் பலகைகளையோ நோயாளரின் இடத்தில் வைத்து, கற்றை சரியான ஆழத்தில் நிற்கின்றதா எனப் பார்க்கின்றனர். இலத்திரன் இயந்திரங்கள் உள்ள வைத்தியசாலைகளிலும் இதையொத்த காலைச் சோதனை உண்டு. சிகிச்சை தாமதமாகின்றதே என்று வெளியே காத்திருக்கும் உறவினர் சலித்துக்கொள்ளும் அந்நேரத்தில் உள்ளே நடைபெறுவது பெரும்பாலும் இவ்வாறான ஒன்றாகவே இருக்கும்.

எச்சரிக்கை மணி அளவுக்கு மேல் ஒலிப்பதும் ஒரு பிணியே. பெல்ஜியத்தின் மோல் நகரில் தோரியத் திட்டத்தை ஒத்த நோக்குடன் உருவாக்கப்படும் 'மிர்ரா' எனும் 600 மெகா இலத்திரன்வோல்ற்று இயந்திரத்துக்கு விதிக்கப்பட்டுள்ள நிபந்தனை வியப்பானது. மூன்று விநாடிக்கு மேற்பட்ட கற்றைத் தடை மூன்று மாதங்களில் பத்துத் தடவைக்கு மேல் நிகழலாகாது. கற்றை நின்றால் உலை குளிரும், மீண்டும் வந்தால் கொதிக்கும். அடிக்கடி இவ்வாறானால் உலோகம் வெடிப்புறும். எனவே, காவற் கருவி தேவையானபோது ஒருமுறையும் தவறாமல் நிறுத்தவேண்டும். தேவையற்றபோது நிறுத்தவும் கூடாது. மூன்று உணரிகளை வைத்து இரண்டு உடன்பட்டால் மட்டும் நிறுத்துவது போன்ற ஏற்பாடுகள் இதற்காகவே கையாளப்படுகின்றன.

இறுதியாக, கருவி உண்மையையே கூறியும் பயனற்றுப்போன ஒரு சம்பவம். ஜப்பானின் தோக்காய் கிராமத்தில் உள்ள ஜே-பார்க் நிலையத்தில் புரோத்தன்கள் நேர்கோட்டு ஆர்முடுக்கி ஒன்றில் தொடங்கி, இரு வளையங்களில் மேலும் வேகம் பெறுகின்றன. 2013ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் திகதி, இரண்டு விநாடிகளில் மெல்ல வெளியேறவேண்டிய கற்றை, காந்தம் ஒன்றின் கோளாறினால் ஒரு விநாடியின் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் வெளியேறித் தங்க இலக்கு ஒன்றின் மீது மோதியது. தங்கத்தின் ஒரு பகுதி உருகி ஆவியானது. காவல் அமைப்பு உடனே இயந்திரத்தை நிறுத்தியது. ஆனால் எச்சரிக்கையை அகற்றிவிட்டு இயந்திரம் மீண்டும் இயக்கப்பட்டது. மண்டபத்தினுள் கதிர்வீச்சு அளவு உயர்ந்ததைக் கண்டதும் காற்றோட்ட விசிறிகள் முடுக்கிவிடப்பட்டன. உள்ளே இருந்தது வெளியே சென்றது. 34 பேர் கதிர்ப்புக்குள்ளாயினர். ஆகக் கூடியது 1.7 மில்லிசீவேற்று. உடல்நலத்துக்குப் பெருங்கேடு விளைவிக்கும் அளவன்று அது. எனினும் அதிகாரிகளுக்கு அறிக்கையிடப்பட்டது மறுநாள் இரவிலேயே. ஊர் மக்கள் கொதித்தெழுந்தது 1.7 என்ற எண்ணுக்காக அன்று; அந்த ஒன்றரை நாள் மௌனத்துக்காகவே. அந்த மண்டபத்துக்குக் கற்றை மீண்டும் செல்ல 2015 ஏப்ரல் வரை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

இதனை எழுதும்போது நுரைச்சோலை நினைவுக்கு வராமற் போகாது. 2011இல் முதற்கட்டமும் 2014இல் முழுமையாகவும் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாட் நிலக்கரி மின்னுற்பத்தி நிலையத்தின் தூசும் சாம்பலும் தமது பயிரிலும் கிணற்றிலும் படிவதாக அயலிலுள்ள விவசாயிகளும் மீனவர்களும் முறையிட்டு வந்துள்ளனர். அளவு வரம்புக்குள் இருப்பதாகப் பதில் கூறப்படும்போது, எவ்விடத்தில், எக்கருவியால், காற்று எத்திசையிலிருந்து வீசியபோது அளக்கப்பட்டது, அக்கருவி இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட திகதி யாது என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிலையத்தின் கடற்புறத்தில் வைக்கப்படும் அளவி ஒன்று தூய காற்றையே காட்டும். அதனைப் பிழையெனக் கூறமுடியாது, ஆனால் அது நரக்கள்ளியிலோ மாம்புரியிலோ வாழ்பவரின் மூச்சுக்காற்றும் அன்று. நிலையத்தின் வாயிலிலும் கற்பிட்டி வீதியிலும் பலகை ஒன்றை நிறுத்தி, அன்றாட அளவுகளையும் அளந்த நேரத்தையும் கருவி சரிபார்க்கப்பட்ட திகதியையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைப்பதற்குப் பெருஞ்செலவு ஆகாது என்பதே எமது அபிப்பிராயம்.